கைக்கு ஏறாத ரோடு

ஒல்லி டயரில் ரோடு கைக்கு ஏறும், இதை நானே எத்தனை பேரிடம் சொல்லி வண்டி விற்றிருக்கிறேன், ஏறும், ஏறாமல் எங்கே போகும், இருபத்தஞ்சு எம்எம் டயர், காற்றைக் கல்லாட்டம் அடித்து வைத்திருக்கிறேன், காலையில் திருமூர்த்தி கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு இது டயரா கடப்பாரையா மாமா என்று கேட்டான், அப்படிப்பட்ட டயர், தாரில் ஒரு மணல் பருக்கை கிடந்தால்கூட ஹேண்டிலில் வந்து பேசும். இன்னும் பொள்ளாச்சி தாண்டவில்லை, அதனால்தான் ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குள் ரோடு வழவழவென்று இருக்கிறது, கான்ட்ராக்டர் எவனோ யோக்கியன்போல. ஆனைமலை ரோட்டில் திரும்பி தென்னந்தோப்பு ஆரம்பிக்கட்டும், அங்கே பைப்புக்கு வெட்டி மூடின இடமெல்லாம் பல்லு பல்லாக நிற்கும், அங்கே தெரியும். பத்து மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு பிள்ளை என் சைக்கிள் கடைக்கு வருகிறது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம், நீளமாக லீவு போட்டுவிட்டு சைக்கிளிலேயே ஊர் சுற்றப் போகிறதாம். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறது. ஒன்று நான் இப்போது குனிந்து ஓட்டுகிற இந்த ரோடு பைக். இன்னொன்று பின்னால் திருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டி வருகிற டூரிங் வண்டி, முப்பத்தெட்டு டயர், முன்னும் பின்னும் பை மாட்டக் கம்பி. நேற்று போனில் நான் வழக்கமாக ஒப்பிக்கிறதை ஒப்பித்தேன், ஒல்லி டயர்னா சுறுக்குனு கெளம்பும் பாப்பா, ஆனா பள்ளம் மேடெல்லாம் உன்ற தோள்பட்டைக்கு வந்து சேரும், பெரிய டயர்னா காத்தக் கொறச்சு வெச்சுக்கலாம், ரோட்ட முழுங்கிட்டுப் போகும், சுமை ஏத்தலாம். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் நான் படிச்சிட்டேன் அங்கிள், ரெண்டையும் ஓட்டறப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க, என்றது. எனக்கு எப்படி இருந்தது. இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. விலை கேட்பார்கள், கியர் எத்தனை என்பார்கள், கொஞ்சம் குறைச்சுக்கோங்க என்பார்கள், நான் எகிறுவேன், அவர்கள் எகிறுவார்கள், அப்புறம் சிரிப்போம், வண்டி போகும். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் நான் எங்கே போய்த் தேடுவது. காலையில ஓட்டிப் பாத்துச் சொல்றேன் பாப்பா என்று வைத்துவிட்டேன்.

ஆரம்பத்தில் குற்றமெல்லாம் டயர் மேல்தான் இருந்தது. என் சொந்த வண்டியில் நாற்பது எம்எம் போட்டிருந்தேன், சொகுசாக இருக்கட்டும் என்று, வயது ஆகிறதல்லவா. ஒருநாள் கருங்கல் ஜல்லி கொட்டிக் கிடந்த பாதையில் இறங்கி ஏறிய பிறகுதான் ஜல்லியையே பார்த்தேன், கை சொல்லவில்லை, கண்தான் சொன்னது, திரும்பிப் பார்த்தபோது. சனியன் பிடிச்ச டயர், மெத்தையாட்டம் எல்லாத்தையும் முழுங்கிடுது என்று அன்றைக்கே கழற்றி முப்பத்திரண்டு மாட்டினேன். முப்பத்திரண்டும் அப்படித்தான். இந்தக் கம்பெனிக்காரன் ரப்பரில் ஏதோ கலக்கிறான் என்று ஏஜெண்டைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன், அவன் பாவம், அண்ணா எல்லாரும் நல்லாத்தான் இருக்குங்கறாங்க என்றான். அப்புறம் இருபத்தெட்டு. காற்றை ஏற்றிக்கொண்டே போனேன், பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவு முடியும் மட்டும். உள்ளங்கை பஞ்சு பொதிந்ததுபோல இருந்தது, கையுறையைக் கழற்றினேன், ஹேண்டிலில் சுற்றியிருந்த பட்டையைக்கூட உரித்துப் போட்டேன், வெறும் அலுமினியம், வெறும் கை, நடுவில் ஒன்றும் இல்லை, அப்போதும் நடுவில் என்னமோ இருந்தது. பெண்டாட்டி தெய்வானை பார்த்துவிட்டு, ஏனுங் நல்லா இருக்கற வண்டியத் தோலுரிச்சுட்டிருக்கறீங்க என்றாள். வேவாரம்டி, உனக்கென்ன தெரியும் என்று கத்தினேன். கத்துவது மட்டும் குறையவில்லை, அது எங்கிருந்தோ தானாக வருகிறது, தண்ணீர் இல்லாத குழாயில் காற்று வருகிற மாதிரி. மாமா கொஞ்சம் மெதுவாப் போங்க, நான் இந்த எருமைய மேய்ச்சுட்டு வரோணுமல்லோ, என்று பின்னாலிருந்து திருமூர்த்தி. தெய்வானையின் தம்பி, கயிறு மில்லில் கணக்கு பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது வண்டியை ஓட்டிப் பார்க்க ஓடி வந்துவிடுவான், வாய் மூடாது. எருமை இல்லடா அது, எருதுடா, சுமை ஏத்துனாத்தான் அதுக்கு நடையே வரும் என்று சொல்லி வைத்தேன். இதுவும் ஒப்பிக்கிறதுதான். வார்த்தையெல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒரு டயர் ரோட்டில் எப்படிப் பேசும் என்று அத்தனை வார்த்தையும் என் வாயில் இருக்கிறது, கடகட, கரகர, தடதட, கிண்கிண். காதில் காற்று, கழுத்தில் வெயில், இரண்டும் தெரிகிறது, மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமையை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் டயரைப் பற்றி நினைத்தேன். மாட்டுச் சந்தையின் சாணி வாசனைக்குள் பதினாறு வயதில் வந்து விழுந்தவன் நான், மாட்டுக்குத் தண்ணி காட்டினேன், மூக்கணாங்கயிறு பிடித்தேன், உதை வாங்கினேன், மாட்டிடமும் மனுசனிடமும், அப்புறம் தரகனாகித் துண்டுக்குள் கையை விடக் கற்றுக்கொண்டேன். தெரியாதவர்களுக்கு அது வேடிக்கை. இரண்டு பேர் கைகுலுக்குவதுபோல நிற்போம், கைமேல் துண்டு கிடக்கும், வாய் திறக்கமாட்டோம், துண்டுக்கு அடியில் ஒருத்தன் விரலை இன்னொருத்தன் பிடிப்பான், எத்தனை விரலோ அத்தனை பத்தாயிரம், பாதி விரலைத் தடவினால் பாதி, வேண்டாம் என்றால் ஒரு உதறல், சரி என்றால் ஒரு அழுத்து. சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் விலை தெரியாது, இரண்டு கைக்கு மட்டும் தெரியும். என் கை பேசுகிற கை என்று சந்தையில் பேர். எதிராளி மூன்று விரல் பிடிக்கும்போதே அவன் மனதில் நான்கு இருக்கிறது என்று தோலே சொல்லிவிடும், வியர்வை சொல்லும், ஒரு சின்ன நடுக்கம் சொல்லும். அந்தக் கையை வைத்துத்தான் வீடு கட்டினேன், ஏதோ தோட்டத்து விடுதியில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன சைக்கிளைக் கன்றுக்குட்டி விலைக்குப் பேசி வாங்கினேன், அதிலிருந்து கடை. கடை வந்த பிறகும் சந்தையை விடவில்லை, கூப்பிட்டால் போய்த் துண்டு போடுவேன். போன செவ்வாய் எதிரில் நாச்சிமுத்து. அவனும் நானும் ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தவர்கள், ஒரே சாட்டையில் அடி வாங்கியவர்கள். ஒரு ஜோடிக் காளை, அவன் விற்பவன் பக்கம், நான் வாங்குபவன் பக்கம். துண்டு விழுந்தது. அவன் பிடித்தான். மூன்று என்று எனக்குப் பட்டது, பட்டது என்றால், மூன்றாகத்தான் இருக்கவேண்டும், அந்த ஜோடிக்கு அதற்கு மேல் நியாயமில்லை, அழுத்தினேன். துண்டை எடுத்தால் அவன் நான்கு என்கிறான். நாலுடா. மூணுடா. நாலுதான புடிச்சேன் மயிலு. என்னை அந்த ஜனத்துக்கு நடுவில் யாரும் அப்படி மறுத்துப் பேசியதில்லை. களவாணிப் பயலே என்றேன், இத்தன வருசமா இப்படித்தான் எல்லார் கையிலும் விளையாடறயா என்றேன், அவன் அம்மாவைச் சொல்லிக்கூட ஒரு வார்த்தை வந்தது, துண்டை அவன் மூஞ்சியில் எறிந்தேன். நாச்சிமுத்து திருப்பிப் பேசவில்லை. அவன் பேசியிருந்தால் அடித்திருப்பேன், அடித்திருந்தால் முடிந்திருக்கும். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். துண்டுக்குள் ஏய்க்கிறவன் என்று ஒரு சொல் விழுந்தால் தரகனுக்கு அப்புறம் யார் கை நீட்டுவார்கள், வியாழக்கிழமைச் சந்தையில் அவன் தனியாகப் புளியமரத்தடியில் நின்றானாம், யாரும் கூப்பிடவில்லையாம். எனக்கு என்ன. ஏய்த்தவன் நிற்கட்டும். ஏய்த்தான் என்றால் நிற்கட்டும். அதனால்தான் இந்தக் கை நன்றாக இருந்தாக வேண்டும். இந்தக் கை நன்றாக இருந்தால் நாச்சிமுத்து திருடன், இந்தக் கை செத்திருந்தால் நான் என்ன.

பைப் வெட்டின இடம் வந்துவிட்டது. வந்து, போய்க்கொண்டும் இருக்கிறது. சக்கரம் துள்ளுவது தெரிகிறது, கண்ணுக்கு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு ஆட்டம் இருக்கிறது, அது வேறு யாருடைய கையையோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பார்க்கிற மாதிரி. பிடரியில் அதிர்வு வருகிறது, பல்லில் வருகிறது, இடுப்புக்குக் கீழே சீட்டில் நன்றாகவே வருகிறது, ஆக ரோடு ஏறுகிறது, டயர் சரிதான், டயர் மேல் குற்றமில்லை, நடுவில் கையும் பாதமும் மட்டும் கணக்கில் சேரவில்லை. பாதம் என்று ஏன் நினைத்தேன். பாதத்தை நினைத்தால் அண்ணன் வந்துவிடுவார். ஆறுச்சாமி அண்ணனுக்கு எறும்பு ஊர்வதுபோலத்தான் ஆரம்பித்தது, மயிலு பாதத்துல எறும்பு ஊருதுடா என்பார், ஒன்றும் இருக்காது, அப்புறம் எறும்பும் ஊரவில்லை, நல்லாப் போச்சுடா என்றார், அப்புறம் செருப்புக்குள் ஒரு ஆணியோடு தோட்டத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்து சாப்பிட்டார், அண்ணிதான் தரையைப் பார்த்து அலறியது. சர்க்கரை, முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். அதற்குப் பிறகும் பாதம் அரிக்குதுடா என்று வெறும் போர்வையைச் சொரிவார். நான் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறேன், பாதிநாள் விழுங்குகிறேன். போன மாதம் தெய்வானை இழுத்துக்கொண்டு போனாள், டாக்டரம்மா சின்ன வயசு, கண்ண மூடிக்கோங்க அப்பா, நான் தொடறப்ப எல்லாம் ஆமான்னு சொல்லுங்க என்று நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்தார். நான் கண்ணை மூடுவேனா. இமைமுடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தம்மா தொடும்போதெல்லாம் உதட்டை லேசாகக் கடிக்கும், அவ்வளவு போதும் எனக்கு, நாற்பது வருசமாக மூஞ்சியைப் படிக்கிறவன். ஆமா. ஆமா. ஆமா. ஒன்றிரண்டு இடத்தில் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன், எல்லாம் சரி என்றால் சந்தேகம் வரும், பேரத்தில் அப்படித்தான், ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் மற்றதை வாங்கவேண்டும். பரவால்லையே அப்பா, நல்லா இருக்கு என்று எழுதிக்கொடுத்தார். வெளியே வந்து தெய்வானைக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன், ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. யாரை என்று யோசிக்கவில்லை. இந்த ஆனைமலைக் கோயிலுக்கே முன்பு ஒருமுறை வந்து மிளகாய் அரைத்திருக்கிறோம், கடையில் திருட்டுப் போனபோது, அரைத்து அங்கே இருக்கிற கல்லில் அப்பினால் திருடனுக்கு எரியுமாம், தெய்வானை அம்மிக்கல்லைத் தள்ளச் சொன்னாள், நான் இரண்டு கையாலும் வழித்து அப்பினேன், மூன்றாம் நாள்வரை எரிந்தது, தண்ணீர் ஊற்றினேன், எண்ணெய் தடவினேன், மோருக்குள் கையை வைத்துக்கொண்டு திருடனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் எனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது. இந்த ரோட்டைவிட அது பக்கத்தில் இருக்கிறது.

அம்பராம்பாளையம் பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நிறுத்தினோம். எல்லாரும் கிளாஸை விளிம்பில் பிடித்திருந்தார்கள், நானும் விளிம்பில் பிடித்தேன். ஒருத்தர் ஊதினார், நானும் ஊதினேன். மாமா இப்ப வண்டிய மாத்திக்கலாமுங், நான் ஒருக்கா அந்த ஒல்லிப்பிச்சான்ல ஏறிப் பாக்கறேன் என்றான் திருமூர்த்தி. தாங்குவயாடா நீ, உன்ற வயித்துக்கு அது வளைஞ்சு போயிரும் என்றேன். வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போகுது, வேற வண்டி குடுப்பீங்களல்லோ, அக்காளக் கட்டுன கடமைக்கு. டீக்கடைக்காரர் சிரித்தார். மாற்றிக்கொண்டோம். பாலத்தில் ஏறியவுடன் கத்த ஆரம்பித்துவிட்டான், ஐயய்யோ மாமா, இதென்னுங் இது, பாலத்துல போட்டிருக்கற கம்பி ஒண்ணொண்ணும் கையில வந்து கொட்டுது, உள்ளங்கை மரத்துப்போச்சுங், இதுலயா இவ்வளவு தூரம் வந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க. ஆனா கெட்ட வேகமுங் மாமா, பறக்குது. பறக்கலடா, என்றேன், ஆட்டி வைக்கறதால பறக்கற மாதிரி இருக்கும், காத்தக் கொறச்சு பெரிய டயர்ல போனாலும் இந்த ரோட்டுக்கு அதே நேரந்தான் ஆகும், ஆடாம இருக்கறதுனால மெதுவாப் போறாப்பல மனசு நம்பிக்கும். நான் சொன்னது சரிதான். ஆட்டம் இருந்தால்தான் வண்டி ஓடுகிறதாக எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்குக் கீழே முப்பத்தெட்டு எம்எம் உருண்டுகொண்டிருந்தது. ஆறு தண்ணீர் குறைவாக, பாறைகளுக்கு நடுவே பச்சையாகக் கிடந்தது, யாரோ கரையில் லாரி கழுவிக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்கு வித்தியாசம் தெரிந்தது, ஆமாம், சீட்டு மெத்தென்று ஆகிவிட்டது, பல்லு கிடுகிடுத்தது நின்றுவிட்டது. கையில் பார்த்தேன். இடது கையில், வலது கையில். அந்த வண்டியில் கை எப்படி இருந்ததோ அப்படியே இந்த வண்டியிலும் இருந்தது. கடப்பாரை டயரும் மெத்தை டயரும் ஒன்றுதான். இதுதான் விடை, அந்தக் கோயமுத்தூர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம், எனக்கு இரண்டும் ஒன்றாக இருந்தது பாப்பா என்று. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பயம்கூட எங்கேயோ தூரத்தில், ஆற்றங்கரையில் லாரி கழுவுகிறவன் போட்டிருக்கும் ரேடியோ மாதிரி, பாட்டு என்று தெரிகிறது, என்ன பாட்டு என்று தெரியவில்லை.

ஆனால் நான் அவ்வளவு சுலபமாக விலை படிகிறவன் இல்லை. பாலம் தாண்டி ஒரு பள்ளிக்கூடம் வரும், வளைவில், அங்கே ரோட்டுக்குக் குறுக்கே வரிவரியாக வெள்ளையாகச் சின்னச்சின்னத் தடை போட்டிருப்பார்கள், கார்க்காரன் எவனாவது வேகம் குறைக்காமல் போனால் உள்ளே இருக்கிற குழந்தை எழுந்துவிடும், அப்படி ஒரு தடதடப்பு. பஸ்ஸில் தூங்கினால்கூட அந்த இடத்தில் ஆனைமலை வந்துவிட்டது என்று கண்ணைத் திறப்பேன். அங்கே பார்த்துக்கொள்ளலாம். டீ குடித்தது, உட்கார்ந்தது, ரத்தம் ஓட ஆரம்பித்திருக்கும், கை இப்போது கொஞ்சம் சூடாகக்கூட இருப்பதுபோல இருந்தது, இருந்தது, நிச்சயமாக இருந்தது. வளைவு வந்தது. வெள்ளை வரிகள் வெயிலில் பளிச்சென்று கண்ணைக் கூசின. நான் பெடலை நிறுத்தி, முதுகை நிமிர்த்தி, கையை ஹேண்டிலின் மேல் அப்படியே வைத்தேன், அழுத்தாமல், தூங்குகிற குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல. முதல் வரி சக்கரத்துக்கு அடியில் போனது. வந்தது. வந்தது, உள்ளங்கைக்கு நடுவில், லேசாக, ஒரு தட்டு. அடுத்தது. இன்னொரு தட்டு. சுண்டுவிரல் ஓரத்தில்கூட. அட, இருக்கிறதப்பா, இருக்கிறது, நாச்சிமுத்துத் திருடா, இருக்கிறதுடா எனக்கு. திருமூர்த்தி, என்று கத்தினேன், பாருடா, இந்த மெத்தை டயர்லயே ஒவ்வொரு தடையும் எனக்குத் தனித்தனியா எண்ண முடியுது, நீ என்னமோ கை மரத்துப்போச்சுங்கறயே, பழக்கம் வேணும்டா, கை வேணும்டா. அவன் பக்கத்தில் வந்தான். என்னைப் பார்த்தான், கேலி செய்கிறேனா என்று பார்ப்பதுபோல. அப்புறம் ரோட்டைப் பார்த்தான். எந்தத் தடையுங் மாமா, என்றான். இதுதாண்டா, இப்பத் தாண்டுனமே. அது பெயிண்டுதானுங், என்றான், போன வாரம் புதுசாத் தார் போட்டு எல்லாத்தையும் மூடிட்டாங்க, இப்பக் கோடு மட்டுந்தான் அடிச்சிருக்கறாங்க, தடை இனிமேத்தான் போடுவாங்க. சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்று வண்டி நின்றதிலிருந்து தெரிந்தது. திரும்பி நடந்து போய்க் குனிந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி மாதிரி தார், அதன்மேல் வெள்ளை. ஒரு நகம் அளவுக்குக்கூட மேடில்லை. ஒரு பெண் மொபெட்டில் அதன்மேல் போனாள், முன்கூடையில் தக்காளி, ஒரு தக்காளிகூட அசையவில்லை.

புளியமரத்துக்கு அடியில் மைல்கல்லில் உட்கார்ந்தேன். திருமூர்த்தி இரண்டு வண்டியையும் மரத்தில் சாய்த்துவிட்டு, சங்கிலியில் ஏதோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான், பார்க்க அதில் ஒன்றும் இல்லை. இத்தனை வாய் பேசுகிறவன். மாமா, தண்ணி வேணுமுங்களா. வேண்டாம். அக்காளக் கூப்பிடட்டுங்களா. கூப்புட்டீன்னா உன்ற காலை ஒடச்சுடுவேன் என்றேன், அந்தச் சத்தம் பழக்கத்தில் வந்தது. எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. ஒரு கணக்கு முடிந்தது, அவ்வளவுதான். கை செத்திருந்தால் நான் என்ன என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன், இனிமேல் அந்த வாக்கியத்தை முடித்தாகவேண்டும். போனை எடுத்தேன், பெயரைத் தேட விரலை வைத்தால் வேறு பெயர் திறக்கிறது, சனியன், இதுவும் எத்தனை நாளாக இப்படி, போன்தான் பழசு என்று நினைத்திருந்தேன். கடைசியில் திருமூர்த்தியிடம் நீட்டினேன், நாச்சிமுத்துக்குப் போடு. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், சண்டை ஊருக்கே தெரியும். போட்டுக் கொடுத்தான். நெடுநேரம் அடித்தது. எடுக்கமாட்டான், எடுக்காமல் இருந்தால் நல்லது என்றும் இருந்தது. எடுத்தான். என்ன, என்றான். மாட்டு மணிச் சத்தம் கேட்டது, வீட்டில்தான் இருக்கிறான். நாச்சி, அன்னைக்கு நீ எத்தன விரல் புடிச்ச. மறுபடியும் ஆரம்பிக்கறயா. இல்லடா, சொல்லு, எத்தன. நாலு, என்றான். எனக்கு மூணுதான் பட்டுது. தெரியும், என்றான் நாச்சிமுத்து. என்னடா தெரியும் உனக்கு. ஏண்டா மயிலு, உன்ற கையப் புடிச்சா ஒரு துடிப்பு வரோணுமல்லோ, எத்தன வருசமாப் புடிக்கறேன், அன்னைக்கு அது வாழத்தண்டாட்டம் சும்மா கெடந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. சோதிச்சுப் பாக்கலாம்னு உன்ற மோதிரவிரல் நகக்கண்ணுல நறுக்குனு கிள்ளுனேன், நல்ல கிள்ளு, மாடுன்னா எட்டி ஒதைச்சிருக்கும், நீ என்னடான்னா அந்தக் காளைக் கொம்பப் பாத்துட்டு நின்ன.

விரலைப் பார்த்தேன். மோதிரவிரல் நகத்தின் அடியில் பிறை மாதிரி கறுத்துப்போயிருந்தது. டயர் மாட்டும்போது லீவர் பட்டிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டது. அத அங்கயே சொல்லறதுக்கென்னடா நாயே, என்று கத்தினேன், திருமூர்த்தி திடுக்கிட்டு நிமிர்ந்தான், மரத்தில் ஏதோ பறவை எழும்பியது, அத்தன பேர் முன்னால உன்னை நான் அந்த வார்த்தையெல்லாம் சொன்னனேடா, கேட்டுட்டுப் போனயேடா. எங்க சொல்லச் சொல்லற, என்றான் அவன், குரல் உயராமல், சுத்தி அத்தன தரகனும் நிக்கறான், மயிலு கை செத்துப்போச்சுன்னு ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும், அடுத்த சந்தைல உன்னைய வெச்சு வெளையாடிருவாங்க, நீ என்ன பாடுபட்டு அந்தக் கைய வளத்தேன்னு எனக்குத் தெரியாதா. களவாணின்னா ரெண்டு மாசம் பேசுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க, களவாணிக்கெல்லாம் சந்தையில எடமிருக்குதுடா. சொல்வதற்கு ஏதோ இருந்தது, அது டயர் மாதிரி எளிதாகப் பேசக்கூடியதாக இல்லை. எங்க இருக்கற நீ, என்றான். அம்பராம்பாளையம் தாண்டி, ஸ்கூல் வளைவுல. எதுல போன, சைக்கிள்லயா, இந்தக் கைய வெச்சுட்டா, கூறு கெட்டவனே, யாராச்சும் கூட இருக்கறாங்களா. மாப்ள இருக்கறான். அங்கயே இரு, நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், அப்படியே அந்த டாக்டரம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம், ஞாயித்துக்கெழமைன்னாலும் வீட்டுல பாப்பாங்களாம். அந்தம்மா எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துருச்சுடா, என்றேன். நீ எழுத வெச்சிருப்ப, என்றான் நாச்சிமுத்து, சொல்லிவிட்டு மேலே பேசிக்கொண்டே போனான், எந்த வழியாக வருவான், டீசல் போடவேண்டும், காலையில் அவன் மாடு கன்று போட்டது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், இமைமுடி வழியாகக்கூட வெளிச்சம் வராமல், இறுக்கி. தோப்புக்குள் எங்கோ மோட்டார் ஓடியது. திருமூர்த்தி மூக்கை உறிஞ்சினான். வலது கையில் போன் இருக்கிறதா, நழுவிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன், கையிடம், பதில் இல்லை. ஆனால் நாச்சிமுத்து இன்னும் பேசிக்கொண்டிருந்தான், அதனால் பிடித்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.